யமஹா ஆர்எக்ஸ் 100 டிராக் ரேஸ் (drag, நேர்கோட்டு ஓட்டம்) பைக்: ஸ்விங்ஆர்மை (பின்சக்கரத்தைப் பிடிக்கிற கை) 6 அங்குலம் நீட்டலாமா?

ஊட்டி_டூஸ்ட்ரோக்:
கிளட்ச் விட்டதும் முன்சக்கரம் தூக்குது. ஸ்விங்ஆர்மை நீட்டினா செயின் எத்தனை கண்ணி கூடும்? ஜெட்டிங்கை (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை ஜெட் மாத்திச் சரி பண்றது) இங்கே ஊட்டியிலேயே முடிச்சுட்டு கோவைக்கு இறக்கலாமா அண்ணே?

குன்னூர்_பட்டறை:
மேலயும் கீழயும் சேர்த்து 305 மி.மீ. கூடும். 428 அளவு செயின்ல பிட்ச் (ஒரு கண்ணி நீளம்) 12.7 மி.மீ., ஆக 24 கண்ணி. பைப்பை முட்டவெச்சு மட்டும் வெல்டு அடிக்காதீங்க, அங்கதான் முறியும். உள்ளே இறுக்கமா ஸ்லீவ் (உள்குழாய்) குடுங்க, ரெண்டு பக்கமும் 2 அங்குலம் நுழையணும். வெளிக்குழாயில ஓட்டை போட்டு ஸ்லீவோட சேர்த்தும் அடிங்க. பிவட் (ஸ்விங்ஆர்ம் ஃபிரேம்ல சேர்ற இடம்), ஆக்ஸில் ரெண்டையும் ஜிக்ல (அசையாம பிடிக்கிற சட்டம்) இறுக்கிட்டு, பக்கம் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா அடிங்க. ஒரே மூச்சுல அடிச்சா சூடு இழுத்து சக்கரம் கோணிடும். பிரேக் ராடையும் நீட்டணும். ஷாக் பழைய இடத்துலயே இருந்தா நெம்பு கூடி பின்பக்கம் உட்காரும், ஸ்பிரிங் கெட்டியாப் போடுங்க.

தொட்டபெட்டா ரோட்டுல சோதிக்காதீங்க. நீட்டின வண்டி கொண்டை ஊசியில திரும்பாது!

மெயின்ஜெட்:
ஜெட்டிங் கீழேதான். ஊட்டி 2240 மீட்டர், காத்து மெலிசு. கோவை 400 சொச்சம். இங்க சரியா இருக்கிற ஜெட் அங்க லீன் ஆகி (காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாம), பிஸ்டன் சூடேறி சிலிண்டர்ல இறுகிடும். பெரிய ஜெட்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு அளவா இறங்குங்க. முழு திராட்டில்ல ஓடும்போதே கிளட்ச் பிடிச்சு கில் சுவிட்ச் தட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வெளுத்திருந்தா உடனே ஒரு அளவு ஏத்துங்க.