குண்டு பல்பின் மின்தடை 38 ஓம் என்றால், அது எப்படி 100 வாட் பல்பாகும்?

கேள்வி:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஓம் விதியைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, நானே குழம்பிப்போய் இதை எழுதுகிறேன். பரணில் கிடந்த 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து, அதன் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்து அளந்தபோது 38 ஓம் காட்டியது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் 6.05 ஆம்பியர், அதை 230 ஆல் பெருக்கினால் திறன் ஏறத்தாழ 1,390 வாட். பல்பின் தலையிலோ 100 வாட் என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது.

மீட்டர் பழுதோ என்று ஐயப்பட்டு, வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் 1,500 வாட் ஹீட்டரையும் அதேபோல் அளந்தேன். 34.6 ஓம் வந்தது. கணக்கிட்டால் 1,529 வாட், அதாவது சரியாகவே இருக்கிறது. மின்தடை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று 100 வாட்டும் மற்றது 1,500 வாட்டும் எடுப்பது எப்படி?

மறுமொழி 1:

உங்கள் மீட்டரிலும் குறையில்லை, சூத்திரத்திலும் குறையில்லை. நீங்கள் அளந்தது அணைந்திருக்கும் பல்பின் மின்தடை. 100 வாட் என்பது எரியும் பல்பின் திறன். எரியும்போது அதன் வழியே செல்லும் மின்னோட்டம் 100 ஐ 230 ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.435 ஆம்பியர். அப்படியானால் அந்நேரத்து மின்தடை 529 ஓம், அதாவது நீங்கள் அளந்ததைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, திறன் ஆகிய நான்கும் ஒரே நிலையில் எடுக்கப்பட்டவையாக இருந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட முடியும்.

டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாவதால் அதன் மின்தடை இவ்வளவு உயர்கிறது. ஹீட்டருக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியோ சூட்டுக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காத உலோகக் கலவை. அதோடு சுற்றியுள்ள தண்ணீர் அதன் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. 1,500 வாட்டுக்கு உரிய மின்தடை 35.3 ஓம், நீங்கள் அளந்த 34.6 அதற்கு வெகு அருகில் இருப்பது அதனால்தான்.

நீங்கள் கணக்கிட்ட 6 ஆம்பியரும் கற்பனையன்று. சுவிட்சைப் போடும் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால், நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம் அந்த அளவு மின்னோட்டம் உண்மையாகவே பாய்கிறது. பழைய குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்று போனதே அதிகம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

மறுமொழி 2:

மேலே சொன்னதை வீட்டு மின்சாரத்தைத் தொடாமலே உங்கள் மகள் செய்து பார்க்கலாம். ஸ்கூட்டர் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை, மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய பவர் சப்ளையில் இணைத்து நான் எடுத்த அளவுகள் இவை: 1.5 வோல்ட்டில் 0.26 ஆம்பியர், 6 வோல்ட்டில் 0.57 ஆம்பியர், 12 வோல்ட்டில் 0.84 ஆம்பியர். வகுத்துப் பார்த்தால் மின்தடை முறையே 5.8, 10.5, 14.3 ஓம் என்று ஏறிக்கொண்டே போகிறது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் திறன் கால்பங்காகும் என்ற பாடப்புத்தகக் கணக்குப்படி 6 வோல்ட்டில் 2.5 வாட் வரவேண்டும், வந்தது 3.4 வாட். ஆறிய பல்பை ஓம் நிலையில் அளக்கும்போது மீட்டர் வயர்களின் மின்தடையைக் கழிக்க மறந்துவிடாதீர்கள். இவ்வளவு சிறிய மதிப்பில் அதுவே கணக்கைக் கெடுத்துவிடும்.

வெப்பநிலை மின்தடை எண்ணைக் (ஒரு பாகை சூடேறினால் மின்தடை எத்தனை பங்கு உயரும் என்பதைச் சொல்லும் எண்) கொண்டு உங்கள் 38 ஓமிலிருந்து 529 ஐ வரவழைக்க முயன்றால் சற்று இடறும். டங்ஸ்டனுக்கு 0.0045 என்று வைத்து, 2,350 பாகை உயர்வுக்குக் கணக்கிட்டால் 440 ஓம்தான் கிடைக்கும். அந்த எண் அறை வெப்பநிலையை ஒட்டியே பொருந்தும்; மேலே போகப் போக மின்தடை அந்த நேர்கோட்டைவிட வேகமாக உயர்கிறது.

இன்னொன்று: ஓம் நிலையில் இருக்கும் மீட்டரை மின்சாரம் ஓடும் எதிலும் வைக்கவே கூடாது.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது ஹீட்டருக்கு அந்தக் கால்பங்குக் கணக்கு பொருந்தும்தானே? 1 எச்.பி. தண்ணீர் மோட்டாரின் திறனையும் இப்படி மின்தடையை அளந்தே கண்டுபிடிக்கலாமா?

மறுமொழி 1:

ஹீட்டருக்குத் தாராளமாகப் பொருந்தும். 180 இன் வர்க்கத்தை 35.3 ஆல் வகுத்தால் 918 வாட். 15 லிட்டர் தண்ணீரை 20 பாகை சூடாக்க 230 வோல்ட்டில் 14 நிமிடம் ஆகுமென்றால், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 23 நிமிடம் ஆகும்.

மோட்டாருக்கு அந்த வழி உதவாது. சுழலும் மோட்டாரில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது பெரும்பாலும் சுருளின் மின்தடையன்று. அதில் தூண்டப்படும் எதிர் மின்னழுத்தமே. வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியர் காட்டினாலும் 230 ஆல் பெருக்கி வரும் 1,380 ஐ வாட் என்று சொல்லிவிட முடியாது. அதைத் திறன் காரணியாலும், அதாவது அந்தப் பெருக்குத்தொகையில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்பதைச் சொல்லும் எண்ணாலும், பெருக்கவேண்டும். அது 0.75 ஆக இருந்தால் உண்மையான திறன் 1,035 வாட்.

திறன் காரணி தெரியாவிட்டால் வீட்டு மின்மீட்டரையே கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பில் அச்சிட்டிருந்தால், 1,035 வாட்டுக்கு நிமிடத்துக்கு 55 வரவேண்டும். அச்சிட்டிருக்கும் எண் வேறாக இருந்தால், சிமிட்டலை 60 ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் கிலோவாட் கிடைத்துவிடும்.