வாலிபர் கூட்டத்தில் பேச உதவி வேண்டும்: உண்மையுள்ளவர்களாயிருப்பது

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். கடலூர் முதுநகரில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் வரும் ஞாயிறு நான் பேச வேண்டும். நீளமாக ஜெபிப்பவரையும் மேடையில் நன்றாகப் பாடுபவரையும்தான் ஆவிக்குரிய வாழ்வில் முதிர்ந்தவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சொன்ன நேரத்துக்கு வருகிறவரும், காணிக்கைக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவரும் கண்ணில் படுவதே இல்லை. (இதைச் சொன்னால் பாடகர் குழு முறைக்கும், பரவாயில்லை.)

மத்தேயு 25-இல், எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்துகளை (பெரிய பணத்தொகை) ஒப்படைத்துப் போகும் உவமையை எடுத்திருக்கிறேன். ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் எஜமான் சொல்லும் பாராட்டு ஒன்றேதான்: உண்மையுள்ள ஊழியக்காரனே என்பது. லூக்கா 16:10 முதல் 12 வரை கொஞ்சத்தில், பணத்தில், பிறர் பொருளில் உண்மையாயிருப்பது என்று வரிசையாக வருகிறது. சிப்காட்டில் வேலை செய்யும் தம்பிகளுக்கு அது நேராகப் போய்ச் சேரும். அப்புறம் மிஷனரி கீர்நாண்டர். 1740-இல் நம்ம கடலூருக்கு வந்தவர், 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு கல்கத்தா போய் அங்கே ஊழியத்தைத் தொடர்ந்தார்.

வேதத்தில் அதிகம் பேசப்படாத உண்மையுள்ளவர்கள் வேறு யார் யார்? ரோமாவில் பவுலைத் தேடிக் கண்டுபிடித்த ஒநேசிப்போரு மட்டும்தான் எனக்குத் தோன்றினார். இன்னொன்று, "முதலாளியே பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் என்னண்ணா செய்வது?" என்று யாராவது ஒரு தம்பி கண்டிப்பாகக் கேட்பான். எதிரிகள் தேடியும் தானியேலின் வேலையில் குற்றம் காண முடியவில்லை என்ற தானியேல் 6:4-ஐக் காட்டலாம், ஆனால் அவனுக்கு மாதச் சம்பளம் போய்விடும் என்ற பயம் இருக்குமே. அந்த நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சனிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள்.