மனிதர்களிடம் பழகாத பூனையை வீட்டுப் பூனைகளோடு சேர்ப்பது எப்படி?

மீசைக்காரன் கேட்டது:

மனுஷங்க கை படாமலே வளர்ந்த பெட்டைப் பூனை, வயசு ஒன்றரை இருக்கலாம். கூண்டு வெச்சுப் பிடிச்சு கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சாச்சு. இப்போ தனி ரூம்ல இருக்கு. பகல் முழுக்க கட்டிலுக்கு அடியில, ராத்திரி மட்டும் சாப்பிடுது, கிட்டப் போனா சீறுது. வீட்டுல ஏற்கெனவே ஆறு வயசுக் கடுவன் ஒண்ணு, மூணு வயசுப் பெட்டை ஒண்ணு, ரெண்டுக்கும் கருத்தடை ஆயிடுச்சு. கதவிடுக்குல மூக்கை வெச்சு உறுமுதுங்க. முதல்ல நம்மகிட்ட பழக்கணுமா, இல்ல அதுங்களோட சேர்த்துடலாமா?

சாம்பல்வால்:

ரெண்டுக்கும் முன்னாடி ரத்தப் பரிசோதனை. பூனை லுகேமியா வைரஸ், எஃப்ஐவி (பூனையோட நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ்) ரெண்டும் பார்க்கணும். லுகேமியா எச்சில் வழியா, ஒரே கிண்ணத்துல சாப்பிட்டாலே பரவலாம். எஃப்ஐவி பெரும்பாலும் ஆழமான கடியால பரவும். இப்போதான் தொற்றியிருந்தா டெஸ்ட்டுல தெரியாம போகும், அதனால ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துடுங்க.

குறைஞ்சது ரெண்டு வாரம் முழுத் தனிமை. பான்லுகோபீனியா (வாந்தி, பேதியோட பூனையைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய்) மாதிரி எதுவும் உள்ளே இருந்தா அதுக்குள்ள வெளிய தெரிஞ்சிடும். பான்லுகோபீனியா வைரஸ் தரையிலயும் துணியிலயும் ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட கிடக்கக்கூடியது, சாதாரண சோப்பு இதைக் கொல்லாது. முதல்ல அழுக்கைக் கழுவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊற விடணும். அந்த ரூமுக்குன்னு தனி செருப்பு, தனி கிண்ணம், தனி லிட்டர் ட்ரே (பூனை மலம், சிறுநீர் போற மணல் தட்டு) வெச்சுக்கோங்க. தெள்ளுப்பூச்சி, காதுப்பூச்சி, குடற்புழு மருந்தும், வீட்டுப் பூனைகளோட தடுப்பூசியும் இந்தக் காலத்துலயே முடிஞ்சிடணும்.

கதவோரம்:

கட்டிலுக்கு அடியை முதல்ல அடைச்சிடுங்க. கை எட்டாத, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒளிஞ்சா நம்ம இருப்புக்கு அது பழகவே பழகாது. அதுக்காக ஒளியவே இடம் இல்லாம பண்ணக் கூடாது. பக்கவாட்டுல ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, கதவு கழட்டின கேரியர் (பூனையைத் தூக்கிட்டுப் போற பெட்டி), உயரமா ஒரு பலகை, இது போதும். கேரியரை நிரந்தரமா உள்ளேயே விட்டா பின்னால டாக்டர்கிட்ட கொண்டு போறதும் சுலபம்.

சாப்பாட்டை நாள் முழுக்க வைக்காதீங்க. ரெண்டு மூணு வேளையா பிரிச்சு, வைக்கும்போது நீங்க தரையில உட்காரணும். நேரா முகம் பார்க்காம பக்கவாட்டுல திரும்பி, மெதுவா பேசிக்கிட்டு இருங்க. கண்ணு பட்டுட்டா மெதுவா மூடித் திறந்து பார்வையை விலக்கிடுங்க. கிண்ணம் ஆரம்பத்துல அது இருக்குற இடத்துக்குப் பக்கத்துலதான் இருக்கணும். நீங்க இருக்கும்போதே தயங்காம சாப்பிட ஆரம்பிச்ச பிறகு, தினமும் ஒரு சாண் உங்க பக்கம் நகர்த்துங்க. பின்வாங்கினா பழைய இடத்துக்கே போயிடணும். அடுத்தது நீளமான ஸ்பூன்ல நக்கித் தின்னுற பசை உணவு. அப்புறம் குச்சி முனையில துணி சுத்தி கன்னத்துல லேசா ஒரு தடவல். கை அதுக்கும் பிறகுதான், அதுவும் கன்னம், தாடைக்கு அடியில மட்டும். மூணு தடவு தடவி நிறுத்திடுங்க. அது தலையை முட்டிக் கேட்டா மறுபடி.

வால் நுனி துடிக்குது, காது பக்கவாட்டுல மடங்குது, முதுகுத்தோல் சிலிர்க்குதுன்னா கையை எடுத்துடணும். பிடரியைப் பிடிச்சுத் தூக்குறது, துண்டுல சுத்தி மடியில வெச்சுக்கறது எல்லாம் குட்டிக்கு வேணா சரி வரலாம். வளர்ந்த பூனைகிட்ட செஞ்சா இவ்வளவு நாள் சேர்த்த நம்பிக்கை போயிடும். குட்டி மனுஷங்களோட ஒட்டுறதுக்கான பருவம் ரெண்டுல இருந்து ஏழு வாரம் வரைக்கும். அது தாண்டிடுச்சுன்னா பல மாசம் ஆகும், சிலது மடியில ஏறவே ஏறாது.

மீசைக்காரன்:

அப்போ அது பழகுற வரைக்கும் மத்த ரெண்டையும் கிட்டயே விடக் கூடாதா?

நாலுகால்:

அவ்வளவு நாள் காக்க வேண்டாம். மனுஷனைக் கண்டு பயப்படுற பூனை, மத்த பூனைகளோட கூட்டமா வாழ்ந்து பழகினதா இருக்கலாம். சிக்கல் அதிகம் வர்றது இடத்தை விட்டுக்கொடுக்காத வீட்டுப் பூனைகளாலதான். உங்க ரெண்டுல ஒண்ணு சாதுவா இருந்தா, நீங்க அதைத் தடவுறதைப் பார்த்தே புதுசு சீக்கிரம் நெருங்கும்.

தனிமை முடிஞ்சதும் வாசனைதான் முதல் வேலை. ஒரு பூனையோட கன்னத்துல தேய்ச்ச துணியை, கன்னம் தொட முடியலன்னா அது படுத்த துணியை, இன்னொண்ணோட சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்துல போடுங்க. முகர்ந்துட்டு அலட்டிக்காம சாப்பிட்டா அடுத்த கட்டம்: மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு. ஆரம்பத்துல ஆறடி தள்ளி வெச்சு, உறுமல் இல்லாதப்போ மட்டும் கிட்டக் கொண்டு வாங்க. நடுநடுவே இடத்தையும் மாத்துங்க, புதுசு வீட்டைச் சுத்தட்டும், பழசு அந்த ரூமுக்குள்ள போகட்டும்.

பார்வை கடைசியில. வலைக்கதவு மேல துணி போட்டு மூடி, தினமும் கீழேயிருந்து நாலு விரல் அளவு தூக்குங்க. சீறல் சாதாரணம், அது "தள்ளி நில்லு"ன்னு சொல்றது. ஆபத்து, இமைக்காத முறைப்பு, உடம்பைத் தாழ்த்திப் பதுங்குறது, இழுத்து இழுத்து உறுமுறது. அது வந்தா திட்டாதீங்க, நடுவுல அட்டையைச் சொருகிப் பார்வையை மறைங்க. கையை விட்டா கடி உங்களுக்குத்தான். நேருக்கு நேர் விடுறது முதல்ல அஞ்சு நிமிஷம், விளையாட்டுக் குச்சியோட, நல்லபடியா இருக்கும்போதே முடிச்சிடணும். துரத்தல் நடந்தா ரெண்டு கட்டம் பின்னாடி போங்க. லிட்டர் ட்ரே மூணு பூனைக்கு நாலு, வெவ்வேறு இடத்துல. ஒரே மூலையில வரிசையா வெச்சா ஒரு பூனையே நாலையும் காவல் காக்கும்.

சாம்பல்வால்:

வேளைச் சாப்பாடுன்னா பட்டினி போட்டுப் பணிய வைக்கிறதுன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். ரெண்டு மூணு நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். நீங்க இருக்கும்போது தொடலன்னா, கிண்ணத்தை விட்டுட்டு வெளிய வந்துடுங்க. ஒரு முழு நாள் எதுவுமே தின்னலன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

கடி பட்டா சோப்புத் தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி. பூனைப்பல் மெல்லிசு, வெளியே புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்துல இறங்கியிருக்கும். ரேபிஸ் தடுப்பூசியும் கேளுங்க.

உங்க கடுவன் மேலயும் ஒரு கண்ணு வேணும். வீட்டுல புதுப் பூனை வந்த பதற்றத்துல கடுவனுக்குச் சிறுநீர்ப்பை வீங்கி, பாதை அடைச்சுக்கலாம். அடிக்கடி ட்ரேல உட்கார்ந்து முக்குது, சொட்டு சொட்டா வருது, இல்ல வரவே இல்லைன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே கூட்டிட்டுப் போங்க.