நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது: பூச்சியா, சுரப்பியா?

வேப்பமரத்தடி (திருமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 5 வயதான லாப்ரடார் ஆண் நாய் ஒன்று இருக்கிறது. மணி என்று அழைக்கிறோம். பக்கத்து நெல் மண்டித் தராசில் நிறுத்தபோது 41 கிலோ இருந்தது. ஒன்றரை மாதமாக அது பின்னங்கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்து, முன்னங்கால்களால் உந்தி, ஆசனவாயைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தபடியே வாசலிலிருந்து அடுப்படி வரை போகிறது. தேய்த்து முடித்ததும் திரும்பி அந்த இடத்தையே விடாமல் நக்குகிறது. வயிற்றில் பூச்சி இருந்தால்தான் நாய் இப்படிச் செய்யும் என்று தெருவில் எல்லோரும் சொன்னதால், மருந்துக்கடையில் கேட்டு, குட்டிகளுக்கான பைரான்டெல் மருந்தை 20 நாள் இடைவெளியில் 2 முறை கொடுத்தேன். தேய்ப்பது நிற்கவில்லை.

இரண்டு விஷயங்கள் மனத்தை உறுத்துகின்றன. மணி படுத்து எழுந்த இடத்தில் சில நாட்களில் பழுப்பு நிறக் கறையும், கருவாட்டுப் பானையைத் திறந்தது போன்ற நாற்றமும் இருக்கின்றன. நேற்றுக் காலை அது படுக்கும் சாக்கில் சீரகச் சம்பா அரிசி போல நான்கைந்து மணிகள் ஒட்டியிருந்தன. பழைய அரிசி என்று நினைத்துத் தட்டப் போனபோது, அவற்றில் ஒன்று மெல்லச் சுருங்கி நீண்டது. காலையும் மாலையும் பால்சோறுதான் அதன் உணவு; மலம் பெரும்பாலும் கூழாகவே போகிறது. மாதம் ஒரு முறை ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்கிவிட வேண்டும் என்று நாய் குளிப்பாட்டும் இடத்தில் சொல்கிறார்கள். அது சரிதானா? வீட்டில் 3 வயதுப் பேத்தி இருப்பதால் கூடுதல் கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (மேலூர்)

அம்மா, நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தங்கள் மணிக்கு இரண்டு தொல்லைகளும் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. நாற்றமும் கறையும் சுரப்பியைச் சேர்ந்தவை. அசைந்த அரிசிமணி புழுவைச் சேர்ந்தது.

முதலில் சுரப்பி. நாயின் ஆசனவாயைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில் தோலுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் ஊறும் நீருக்குத்தான் நீங்கள் சொன்ன கருவாட்டு நாற்றம். மலம் கெட்டியாக வெளியேறும்போது அந்தப் பைகள் அழுத்தப்பட்டு, ஆசனவாய் விளிம்பில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத் தாமாகவே காலியாகிவிடும். மலம் நாள்தோறும் கூழாகப் போனால் அந்த அழுத்தம் கிடைப்பதில்லை; உள்ளே தங்கிய நீர் கெட்டிப்பட்டுக் களிம்பு போலாகிறது, துளை அடைபடுகிறது, நாய் உறுத்தல் தாங்காமல் தரையில் தேய்க்கிறது. உடல் பருமனும் இதற்கு ஒரு காரணம். காதைச் சொறிவது, பாதத்தை நக்குவது ஆகியவையும் சேர்ந்து இருந்தால் தோல் ஒவ்வாமை அடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நாய்களுக்குச் சுரப்பித் தொல்லை திரும்பத் திரும்ப வரும்.

மாதந்தோறும் பிதுக்குவது தேவையற்றது என்பதே என் உறுதியான கருத்து. நலமாக இருக்கும் பையை அடிக்கடி அழுத்தினால் அதுவே வீக்கத்தை உண்டாக்கும். அடைபட்டிருந்தால் கால்நடை மருத்துவர் கையுறை அணிந்து, விரலால் உள்ளிருந்து பதமாக அழுத்தி எடுப்பார். அப்போது வெளிவரும் நீரின் நிறத்தைப் பார்த்தே சீழ் பிடித்திருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுவார். பிறகு காரணத்தைத் திருத்துவதுதான் நம் வேலை. பாலை அடியோடு நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வேகவைத்த சர்க்கரைப் பூசணியை உப்பும் தாளிப்பும் இல்லாமல் சோற்றில் பிசைந்து கொடுங்கள், எடையைப் படிப்படியாகக் குறையுங்கள். மலம் உருண்டு திரண்டு போகத் தொடங்கினாலே பெரும்பாலான நாய்கள் தேய்ப்பதை விட்டுவிடுகின்றன.

அடுத்து புழு. நீங்கள் கண்டது நாடாப்புழுவின் துண்டு. புழு குடலிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, முட்டை நிறைந்த கணுக்கள் மட்டும் கழன்று வெளியே வந்து, புதிதாக இருக்கும்போது அசையும். காய்ந்தபின் அரிசியாகவோ வெள்ளரி விதையாகவோ தெரியும். பைரான்டெல் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் வெளியேற்றும். நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. அதற்கு பிராசிகுவான்டெல் சேர்ந்த மருந்து வேண்டும். கடைகளில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பலவும் 10 கிலோ எடைக்கு 1 மாத்திரை என்ற கணக்கில் செய்யப்பட்டவை. 41 கிலோ நாய்க்கு ஒற்றை மாத்திரை கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வந்தவர்களை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

மருந்தைவிட முக்கியமானது தெள்ளுப்பூச்சி. நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளின் புழுப்பருவம் தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகி நாயைக் கடிக்கிறது. நாய் அரிப்பில் கடித்து அந்தத் தெள்ளை விழுங்கும்போது மறுபடியும் நாடாப்புழு குடலுக்குள் போகிறது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மூன்று வாரத்தில் அரிசிமணிகள் மீண்டும் தோன்றக்கூடும். ஆகவே அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள். படுக்கும் இடத்தின் தரை வெடிப்புகளைப் பெருக்கி வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். நாயின் மீது போடும் தெள்ளு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. பூனைக்கு அது நஞ்சு.

கன்னிநாய் வளர்ப்பவன் (உசிலம்பட்டி)

ஐயா சொன்னதோடு என் அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். அக்கா, தயவுசெய்து நீங்களாகப் பிதுக்கிப் பார்க்க வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் கன்னி இன நாய் இதேபோல் தேய்த்தபோது, கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நானே வெளியிலிருந்து அழுத்தினேன். இடப்பக்கப் பை ஏற்கெனவே சீழ் கட்டியிருந்திருக்கிறது; அது எனக்குத் தெரியவில்லை. நாய் வலியில் அலறியது. மறுநாள் வாலுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவந்து வீங்கியது, அதற்கு அடுத்த நாள் தோல் உடைந்து இரத்தமும் சீழும் வழிந்தன. மருத்துவர் மயக்க ஊசி போட்டுப் புண்ணைக் கழுவி, நுண்ணுயிர்க் கொல்லியும் வலி மருந்தும் கொடுத்தார். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினோம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒரு நாளைக்கு 3 முறை வைத்து ஒற்றி எடுத்தேன். ஆறுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாய் இன்றும் என் கை வாலருகே போனால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது.

வீக்கம் ஒரு பக்கமாக இருந்தாலும், மலம் கழிக்கும்போது நாய் முனகினாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (மேலூர்)

தம்பி மறைக்காமல் எழுதியதற்கு நன்றி; இதைப் படிக்கும் யாரேனும் ஒருவரது நாய் அந்த வலியிலிருந்து தப்பும். வயதான நாயாக இருந்து, அந்த இடத்தில் வலியில்லாத கெட்டிக் கட்டி தட்டுப்பட்டு, நாய் வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கவும் தொடங்கினால், அது சுரப்பியில் வரும் புற்றாக இருக்கக்கூடும். அந்தப் புற்று இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துவதால்தான் அந்தத் தாகம். தாமதிக்கக் கூடாத நிலை அது.

வேப்பமரத்தடி (திருமங்கலம்)

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை மணியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வலப்பக்கப் பை அடைபட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் பற்பசை போல வந்தது, சீழ் இல்லை. காதுக்குப் பின்னால் முடியை விலக்கி, கருமிளகைப் பொடித்தது போன்ற துகள்களை எடுத்து ஈரப்பஞ்சில் வைத்துக் காட்டினார். அவற்றைச் சுற்றிப் பஞ்சு செம்பழுப்பாக ஊறியது. தெள்ளு குடித்த இரத்தம் அதன் எச்சத்தில் வெளியே வருவதுதான் அந்த நிறம் என்றார். எடைக்கு ஏற்ற மாத்திரையும் கொடுத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள். பேத்திக்கு ஏதேனும் தொற்றுமா? எதிர்வீட்டு நாய் 5 குட்டி போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அவற்றுக்கு எப்போது பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்குவது?

கொடிக்கால் வீடு (சோழவந்தான்)

அக்கா, நான் சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாய் வளர்ப்பவள் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் பார்த்த நாடாப்புழு, குழந்தை தெள்ளை விழுங்கினால் மட்டுமே தொற்றும், அது அரிது. நான் அதிகம் அஞ்சுவது உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்தான். உருண்டைப்புழு முட்டை மலத்தோடு விழுந்த அன்றே தொற்றுவதில்லை. அது முதிர்வதற்கு ஏறத்தாழ 2 முதல் 4 வாரம் ஆகும். ஆகையால் மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் புதைத்துவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிகிறது. விட்டுவிட்டால் அந்த முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். நம் ஊர் வெயிலில் திறந்த களம் காய்ந்துவிடும் என்றாலும், குழாயடியிலும் வாழையடியிலும் நிழலும் ஈரமும் இருப்பதால் அந்த இடங்களில் என் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடுவதில்லை.

கறிக்கடையில் தரும் ஆட்டு ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். ஆட்டின் உறுப்பில் கொப்புளமாக இருக்கும் ஒருவகை நாடாப்புழு, நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டியாக வளரும். நன்றாகக் கொதிக்க வைத்துப் போட்டால் இந்த அச்சம் இல்லை.

குட்டிகளைப் பொறுத்தவரை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப்புழு அவற்றுக்குள் போய்விடுகிறது, பாலிலும் வருகிறது. அதனால் 2 வாரம் நிரம்பியதும் முதல் மருந்து, பிறகு 4, 6, 8 வாரங்களில், அதன்பின் 6 மாதம் வரை மாதம் ஒன்று, பின்னர் 3 மாதத்துக்கு ஒரு முறை என்று எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கி மீந்திருக்கும் பைரான்டெல் குட்டிகளுக்கு உரியதுதான். ஆனால் ஒவ்வொரு குட்டியையும் சமையலறைத் தராசில் நிறுத்து, அளவை மருத்துவரிடம் கேட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுக்கச் சொல்லுங்கள். உதட்டை விலக்கிப் பார்க்கும்போது ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, மலம் தார் போலக் கறுத்திருந்தாலோ கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பொருள். அவ்வளவு சிறிய குட்டி ஓரிரு நாளிலேயே இறந்துவிடலாம் என்பதால், மருந்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பன்னிரண்டு நாள் என்றால் முதல் மருந்துக்கு நாளை மறுநாள் நாள். எதிர்வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள்.