டெபியன் அப்டேட்டில் நம் செட்டிங்ஸைக் காப்பாற்றுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. டெபியன் (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) சர்வரில் அப்டேட் போடும்போது, நாம் திருத்திய கான்ஃபிக் கோப்பை (மென்பொருளின் செட்டிங்ஸ் இருக்கும் கோப்பு) வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். 'N' என்ற எழுத்தைக் கொடுத்தால் நம்முடையது தங்கும். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே கிடக்கும். அதுவரை சரி. ஆனால் அதில் வந்திருக்கும் பாதுகாப்பு மாற்றங்கள் நமக்குச் சேராதே!

எஸ்எஸ்ஹெச்சுக்கு (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்) மட்டும் என் வரிகளை 'கான்ஃபிக்.டி' ஃபோல்டரில் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டேன். (அங்கே ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதுதான் செல்லும், கவனம்.) அப்படிப் பிரிக்க வசதியில்லாத மென்பொருள்களுக்கு என்ன செய்கிறீர்கள்? புதிய கோப்பில் நம் திருத்தங்களைக் கலக்க எளிய வழி உண்டா? எட்சிகீப்பரை (கான்ஃபிக் கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) இதற்கு யாராவது பயன்படுத்துகிறீர்களா?