மதியம் எடுக்கும் நிழல்களின் படங்கள் வெளுத்துப்போகின்றன, யாராவது வழி சொல்லுங்கள்

பாரிமுனை நடையன்:
வணக்கம். அலுவலகம் சென்னை பாரிமுனையில். மதிய இடைவேளை 12.45 முதல் 1.30 வரை. டப்பாவைப் பத்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு அரண்மனைக்காரன் தெருவில் ஒரு நடை போவேன். (ஆர்மீனியன் தெருதான். நம் ஆட்கள் வாயில் புரண்டு அரண்மனை வந்துவிட்டது.) ஈ.பி. பெட்டி, ஷட்டர், பிளாட்பாரக் கம்பி, ஜன்னல் கிராதி என்று எதன் நிழல் கண்ணில் பட்டாலும் போனில் எடுத்துவிடுவேன்.

சிக்கல் என்னவென்றால், கண்ணுக்குக் கரிபோலத் தெரியும் நிழல் படத்தில் சாம்பல் பூசியதுபோல வருகிறது. கொஞ்சம் நீலமும் ஏறுகிறது. தரையில் விழும் நிழல்களோ குட்டிக் குட்டியாகக் காலடியிலேயே சுருண்டு கிடக்கின்றன. காலையில் வா, மாலையில் வா என்று சொல்லாதீர்கள், முடியாது. ரயில் நேரம் அப்படி.

லென்ஸ்மூடி:
எச்டிஆர் ஆனில் இருக்கிறதா?

பாரிமுனை நடையன்:
‘ஆட்டோ’ என்று இருக்கிறது சார். நான் தொட்டதே இல்லை.

லென்ஸ்மூடி:
அதுதான். போன் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. இருட்டான இடத்தைத் தூக்கிக் காட்டுவதுதான் எச்டிஆரின் வேலையே. நீங்கள் நிழலைப் படம் எடுக்கிறீர்கள், அது நிழலை அழிக்கப் பார்க்கிறது.

முதலில் அதை அணைத்துவிடுங்கள். சில போன்களில் அணைக்கவே விடமாட்டார்கள், அப்போது எல்லாவற்றையும் கையால் வைக்கும் ‘புரோ’ மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) 100. அப்புறம் வெயில் விழும் சுவரில், நிழலில் அல்ல, விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு லாக் ஆகும். பிறகு அதை மைனஸ் 0.7 வரை இறக்குங்கள். வெள்ளைச் சுவர் என்றால் அதற்கு மேல் இறக்க வேண்டாம், சுவர் அழுக்கு வேட்டி மாதிரி ஆகிவிடும்.

கூரைக்காகம்:
அவர் சொன்னது சரி. ஆனால் குட்டை நிழலுக்கு செட்டிங் எதுவும் உதவாது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இந்தப் பங்குனியில் மதியம் ஒரு மணிக்கு ஆள் நிழல் முழங்கால் உயரத்தை ஒட்டித்தான் இருக்கும். தரையைப் பார்க்காதீர்கள் தம்பி. சுவரைப் பாருங்கள்.

வெயில் உச்சியிலிருந்து வரும்போது சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்கும். சுவரிலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும், பைப் கிளாம்போ ஆணியோ போர்டின் விளிம்போ, நீளமாக நிழல் விடும். தரைக்கு மதியம்தான் மோசமான நேரம், சுவருக்கு அதுதான் நல்ல நேரம்.

உங்கள் தெரு ஏறத்தாழ தெற்கு வடக்கு. இப்போது சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12.15ஐ ஒட்டி. அதுவரை ஒரு பக்கச் சுவரில் இருக்கும் வெயில் அதற்கப்புறம் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடும். நீங்கள் வெளியே வரும்போது துறைமுகப் பக்கத்து, அதாவது கிழக்குப் பக்கத்துக் கட்டடங்களின் முகப்பில் வெயில் அப்போதுதான் ஏறியிருக்கும். ஒரு மணிக்கு நிழல் அந்தப் பொருள் நீட்டிய அளவைப்போல் ஐந்து மடங்கு இருக்கும். ஒன்றரைக்கு மூன்று மடங்குதான். அதனால் டீயைத் திரும்பி வரும்போது குடியுங்கள்.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் வேறு கணக்கு. அது கிழக்கு மேற்காகப் போகிறது. தெற்குப் பார்த்த சுவர்களில் உங்கள் இடைவேளை முழுக்க நிழல் நாலு மடங்கை ஒட்டியே நிற்கும், அவசரம் இல்லை. ஆனால் ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நிழலில்லா நாள் வரும், அன்று உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் அது திரும்ப வரும்வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து வரும். மற்ற மாதங்களில் மதியத்தில் சும்மா கிடக்கும் வடக்குப் பார்த்த சுவர்களுக்கு அந்த நாலு மாதம்தான் யோகம். நான் அதற்காகக் காத்திருக்கிறேன்.

ராயபுரம் அக்கா:
நீலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிழலுக்குள் வெயில் இல்லை, ஆனால் வானத்தின் வெளிச்சம் இருக்கிறது. வானம் நீலம், அதனால் நிழலும் நீலம். அது கோளாறே இல்லை. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ‘பகல் வெளிச்சம்’ என்று வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்த நீலம் எவ்வளவு அழகு தெரியுமா?

லென்ஸ்மூடி:
அக்கா மன்னிக்கணும், எனக்குக் கருப்பு வெள்ளைதான். நிழல் படத்தில் கலர் எதற்கு?

ராயபுரம் அக்கா:
உங்களுக்கு எல்லாவற்றிலும் கருப்பு வெள்ளைதான்.

பாரிமுனை நடையன்:
எச்டிஆரை அணைத்ததும் பாதி சரியாகிவிட்டது, நன்றி. இன்னொரு சந்தேகம். ஜன்னல் கிராதியின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது. மேலே போகும் கேபிள் ஒயரின் நிழல் மட்டும் சுவரில் புகைபோல, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. போகஸ் பிரச்சினையா?

கூரைக்காகம்:
இல்லை. சூரியன் புள்ளி இல்லை, வட்டு. அரை டிகிரி அகலம். அதனால் நிழலின் ஓரம் எப்போதும் கொஞ்சம் கரைந்தே விழும், தூரம் கூடக்கூடக் கரைசலும் கூடும். பொருளுக்கும் சுவருக்கும் ஒரு மீட்டர் என்றால் ஓரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கரையும். உங்கள் ஒயர் ஒரு சென்டிமீட்டர் தடிமன், நாலைந்து மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்றால் நடுவில் கருப்பே மிஞ்சாது. கிராதி சுவரை ஒட்டி இருக்கிறது, அதனால் கூர்மை. ஒயர் நிழல் வேண்டுமானால் சுவருக்குப் பக்கத்தில் வந்து இறங்கும் இடமாகப் பாருங்கள். அங்கே ஒரே ஒயரின் நிழல் புகையிலிருந்து கோடாக மாறுவதையே எடுக்கலாம்.

பாரிமுனை நடையன்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஒரு பழைய கிடங்கின் சுவரில் துருப்பிடித்த கொக்கி ஒன்று கிடைத்தது. ஐந்து சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு மணிக்கு அதன் நிழல் ஒரு சாணுக்கு மேல் இறங்கி, சுண்ணாம்பு உரிந்த இடத்தில் வளைந்து போயிருந்தது. படம் நல்ல கருப்பாக வந்தது. நீலத்தை அப்படியே விட்டுவிட்டேன், லென்ஸ்மூடி சார் மன்னிக்கவும். 1.25க்குத் திரும்பிப் பார்த்தால் நிழல் சாணுக்குள் சுருங்கிவிட்டது.

வெறும் சுவரை என்னப்பா எடுக்கிறாய் என்று வாட்ச்மேன் கேட்டார். கொக்கியைக் காட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் போனால் அதில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்குகிறது. இவ்வளவு நாள் அங்கே ஒரு கொக்கி இருப்பதே தெரியாதாம். நான் வேறு கொக்கி தேடிக்கொண்டிருக்கிறேன்.