அடிக் கவரில் அடிபட்ட பிறகு படபடச் சத்தம், ரேஞ்சும் குறைகிறது: ஸ்டீல் பிளேட் போடலாமா?

நீலக்கார்

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் இரவில் நெடுஞ்சாலையில் கிடந்த மரக்கட்டை ஒன்றைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். விலக இடமில்லை. கட்டை வண்டிக்கு அடியில் உரசிக்கொண்டே போனது. இறங்கிப் பார்த்தால், பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர் ஒரு பக்கம் பிய்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பக்கத்து வொர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றி, விரிசல் விட்ட இடத்தை ஒட்டி, திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள்.

அதிலிருந்து இரண்டு தொல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலுக்கு அடியில் படபடவென்று சத்தம். 100-இல் சீராகப் போனால் முன்பு கிலோமீட்டருக்கு 148 வாட் அவர் மின்செலவு காட்டும், இப்போது 160. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது சத்தமும் இல்லை, செலவும் பழையபடிதான்.

வெறும் பிளாஸ்டிக் கவர் இவ்வளவு வேலை செய்யுமா? நண்பர் ஒருவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னாலிருந்து பின்வரை 3 மில்லிமீட்டர் ஸ்டீல் பிளேட் அடித்துவிடச் சொல்கிறார், கூடவே ரப்பர் கோட்டிங்கும். பேட்டரி அடியில்தானே இருக்கிறது என்ற பயத்தில் எனக்கும் அது சரியென்றே படுகிறது. என்ன செய்யலாம்?

பழைய மெக்கானிக்

தம்பி, சத்தம், ரேஞ்ச் எல்லாம் அப்புறம். முதலில் பேட்டரி பெட்டியின் அடிப்பாகத்தை யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தூக்கும் கைகள் கம்பெனி குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும் உட்கார வேண்டும். தவறியும் பேட்டரி அடித்தட்டில் ஜாக் வைக்க விடாதீர்கள். சாலையில் தப்பித்த பேட்டரியை வொர்க்‌ஷாப்பில் நசுக்கின கதை உண்டு. மேலே ஏறியதும் அடித்தட்டில் ஒரு நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பெயிண்ட் மட்டும் உரிந்திருந்தால் பெரிய விஷயம் இல்லை, துருப்பிடிக்காமல் மூடினால் போதும். ஸ்கேலுக்கும் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது பள்ளம். பல வண்டிகளில் அந்தத் தட்டுக்கு நேர் மேலே கூலன்ட் ஓடும் தகடும், அதற்கு மேல் செல்களும் இருக்கும். ஓரத்து சீலில் ஈரக்கசிவு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

பள்ளம் இருந்தால் உயர் மின்னழுத்தப் பயிற்சி உள்ளவரிடம் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (பேட்டரி மின்சாரம் வண்டி உடலுக்குக் கசியாமல் தடுக்கும் அளவு) எடுக்கச் சொல்லுங்கள். மின்சார வண்டிகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 100, டி.சி. (நேர்திசை மின்) சுற்றுக்குக் குறைந்தபட்சம் வோல்ட்டுக்கு 100 ஓம் கேட்கிறது, அதாவது 400 வோல்ட் பேட்டரி பேக்குக்கு 40,000 ஓம். நல்ல பேக் அதைவிடப் பல மடங்கு காட்டும். அந்த டெஸ்ட் முடியும்வரை வண்டியைக் கட்டடத்தை ஒட்டி நிறுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

காற்றுக்கணக்கு

மெக்கானிக் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் அந்த 12 வாட் அவர் எங்கே போகிறது என்று பார்க்கிறேன்.

உங்கள் பதிவிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது: மெதுவாக ஓட்டினால் மாற்றமில்லை. கட்டை மோதியதில் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு வளைந்து உரசினாலோ, வீல் அலைன்மென்ட் கெட்டிருந்தாலோ, டயரில் காற்று குறைந்தாலோ ஊருக்குள் ஓட்டும்போதும் செலவு ஏறியிருக்கும். வேகத்தில் மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். காற்றின் இழுவை வேகத்தின் இருமடியில் ஏறும், அதைத் தாண்டிப் போகத் தேவையான திறனோ மும்மடியில்.

கணக்கு இதோ. இழுவைக் கெழு (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) 0.28, முகப்புப் பரப்பு 2.3 சதுர மீட்டர் என்று வைத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டும் சுமார் 8.3 கிலோவாட். 50-இல் ஒரு கிலோவாட்தான். ஆக 100-இல் உங்கள் 148-இல் 83 வாட் அவர் காற்றுக்கே போகிறது. அதில் 12 கூடுவதென்றால் இழுவை ஏறக்குறைய 14 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். ஒரு கவர் சற்றுத் தொங்குவதற்கு இது அதிகம். ஆனால் கவர் காற்றை வாரி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தால் நடக்கும்.

பெட்ரோல் காரின் அடியில் சைலன்சர், புகைக்குழாய், சில வண்டிகளில் பின் அச்சுக்குப் போகும் தண்டு என்று மேடும் பள்ளமுமாக இருக்கும். புகைக்குழாய் சூட்டால் எல்லாவற்றையும் மூடவும் முடியாது. மின்சாரக் காரில் இவை எதுவும் இல்லை, பேட்டரியே சமமான தரை. முன்னால் ஒரு கவர், பின்னால் மெல்ல மேலேறும் ஒரு கவர் போட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். இழுவைக் கெழு மெர்சிடிஸ் ஈ.க்யூ.எஸ். 0.20, ஹூண்டாய் அயோனிக் 6 0.21 என்று இறங்கியதில் இந்த மூடிய அடித்தளத்துக்கும் பங்கு உண்டு. நீங்கள் வெறும் பிளாஸ்டிக் என்று சொன்னதை வண்டி வடிவமைத்தவர்கள் விண்ட் டனலில் வைத்துத் திருத்தியிருக்கிறார்கள்.

லிஃப்ட்டில் ஏற்றும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள்: கவர்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் வரிசை. ஓடு வேயும்போது மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் மேல் படியும், அப்போதுதான் மழைநீர் உள்ளே இறங்காது. இங்கே நீருக்குப் பதில் காற்று. முன் கவரின் பின் ஓரம் தரைப்பக்கமாக இருக்க வேண்டும். பின் கவரின் முன் ஓரம் அதற்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பின் கவரின் ஓரம் வாயைத் திறந்துகொண்டு காற்றை எதிர்கொள்ளும். காற்று புகுந்ததும் கவர் ஊதி அடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்கும் படபடப்பு எனக்கு அப்படித்தான் படுகிறது.

சாலைப்பயணி

கிரில் ஷட்டர் (முன்னால் காற்று நுழையும் வழியைத் தேவைக்கேற்பத் திறந்து மூடும் தகடுகள்) உள்ள வண்டியா? எனக்கு முன் கவரைக் கழற்றி மாட்டியபோது அதன் வயர் கனெக்டர் சரியாக உட்காராமல் போனது. ஷட்டர் திறந்தே நின்றது, நெடுஞ்சாலையில் செலவு கூடியது. ஸ்கேனர் போட்டால் பிழைக் குறியீடு வரும்.

நீலக்கார்

எல்லோருக்கும் நன்றி. இன்று லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தோம். பேட்டரித் தட்டில் ஒரு முழம் நீளத்துக்கு பெயிண்ட் உரசல் மட்டும். ஸ்கேல் வைத்ததில் எங்கும் வெளிச்சம் இல்லை, கசிவும் இல்லை. மூன்று வாரம் இதைப் பார்க்காமல் குடும்பத்தோடு ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போது மனசு பதறுகிறது.

கவர் வரிசை அப்படியே தலைகீழாக இருந்தது! பின் கவரின் ஓரம் கீழே, முன் கவர் அதற்கு மேலே. நடுவில் மூன்று கிளிப்பும் இல்லை. இடைவெளியில் என் நான்கு விரலும் நுழைந்தன. ஷட்டர் நன்றாக வேலை செய்கிறது. புது முன் கவரும் கிளிப்பும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்டீல் பிளேட் ஆசை இன்னும் போகவில்லை. வேண்டாம் என்றால் காரணம் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக்

உங்கள் பயம் நியாயமானது தம்பி. 2013-இல் டெஸ்லா மாடல் எஸ் கார்கள் இரண்டு சாலையில் கிடந்த உலோகப் பொருள்மேல் ஏறி, பேட்டரி துளைக்கப்பட்டுத் தீப்பிடித்தன. 2014 மார்ச்சில் கம்பெனியே முன்பக்கம் வளைவான அலுமினியக் குழல், டைட்டானியம் தகடு, சாய்வான அலுமினியப் பட்டை என்று மூன்று அடுக்கு சேர்த்தது. ரேஞ்சில் 0.1 சதவீதம்தான் குறைந்தது என்றார்கள். எப்படி முடிந்தது? எதிர்ப்படும் பொருளைத் தட்டிவிடவும், வண்டியை அதன்மேல் ஏற்றிக் கடத்தவும் சாய்வைக் கணக்கிட்டு, முன் ஓரத்தில் மட்டும் வைத்தார்கள்.

உங்கள் நண்பர் சொல்வது வேறு. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தகடு 3 மில்லிமீட்டரில் 53 கிலோ வரும். அதை எதில் மாட்டுவார்கள்? பேட்டரி சட்டத்தில் துளை போட்டால் நீர்ப்புகாத சீல் போச்சு, வாரண்டியும் போச்சு. தரை இடைவெளி குறைவதால் இதுவரை தொடாத கல்லும் தொடும். பிளேட் நேராகப் பேட்டரியை ஒட்டி இருந்தால் அடி அப்படியே உள்ளே இறங்கும். நடுவில் இடைவெளி விட்டால் சேறு தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். சில பேக்குகளில் செல் சூடேறி வாயு வெளியேறும் வால்வு அடியிலோ பக்கத்திலோ இருக்கும், அதை மூடுவது மிகவும் ஆபத்து. ரப்பர் கோட்டிங்குக்கும் இதே காரணம்தான். அதோடு அடுத்த முறை அடிபட்டால் பள்ளத்தையும் விரிசலையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

மின்சார வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான சீனாவின் ஜி.பி. 38031-2025 தரநிலையில் அடிப்பாக மோதல் சோதனையையே புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையால் 150 ஜூல் அடி. 2026 ஜூலை முதல் அமலாக வேண்டியது. பெட்டி, செல், வால்வு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பாதுகாப்பைப் பார்க்கிறார்கள். கரடுமுரடான பாதையில் நிறைய ஓட்டுகிறீர்கள் என்றால், கம்பெனியே உங்கள் மாடலுக்கு அடிப்பாதுகாப்புத் தகடு தருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காற்றுக்கணக்கு

குளிரூட்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் கவர் கீழ்ப்பக்கத்தை அடைப்பதால்தான் கிரில் வழியாக வரும் காற்று ரேடியேட்டரை ஊடுருவிப் போகிறது. அதைக் கழற்றினால் ஃபேன் தள்ளும் சூடான காற்று கீழே சுற்றி மறுபடி முன்னாலேயே வந்துவிடலாம். ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போது பேட்டரியின் சூடும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். கவர் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் புதுக் கவரில் ஒட்டி மூடிவிட வேண்டாம்.

புதுக் கவர் போட்டதும் ஒரே சாலையில், காற்றில்லாத நேரத்தில், போகவும் வரவும் ஓட்டி இரண்டின் சராசரி எடுங்கள். டயர் பிரஷர் ஒன்றாக இருக்கட்டும்.

நீலக்கார்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புதுக் கவர், எல்லாக் கிளிப்பும், வரிசை நான் பக்கத்தில் நின்று பார்த்துச் சரியாக மாட்டியாகிவிட்டது. உரசிய இடத்துக்கும் கம்பெனி சொன்ன பெயிண்ட் மட்டும் அடித்தார்கள். இன்று காலை 100-இல் போகும்போது 147, வரும்போது 151. படபடப்பு சுத்தமாக இல்லை. ஸ்டீல் பிளேட் போடவில்லை. நண்பரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் வண்டியில் போட்டிருந்த பிளேட்டை நாளை கழற்றி, வால்வு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம்.